முன் வரிசையில் ஒரு கதிரை

நான் பொய் சொன்னேன். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, காலநிலை வாசிக்கிறேன் என்ற பெயரில், உங்கள் எல்லோருக்கும் பொய் சொன்னேன்.

வாய் தடுமாறவில்லை. கண் பிசகவில்லை. தெரிந்தே சொன்னேன்...

என் குரல் உங்களுக்குப் பழக்கமானது. கனடாவில், இந்த ஸ்காபரோவில் காலையில் காரில் ஏறித் தமிழ் வானொலியைப் போட்டால், "வடிவாப் போர்த்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ" என்று குழைகிறதே ஒரு குரல், அது நான்தான். அந்தக் குழைவை இப்போது கேட்டால் எனக்குக் குமட்டுகிறது. சீ!

அன்று சனிக்கிழமை. மாலையில் என் மகளின் அரங்கேற்றம். கோடையில் மண்டபம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுவரை பொறுக்க எனக்கு மனமில்லை.

"உனக்கென்ன விசரே? உந்த ஸ்நோவுக்குள்ளை ஆர் வருவினம்?" என்று கேட்டாள் மச்சாள். வருகிறார்களா இல்லையா பார் என்று வீம்பு பிடித்தேன். ஆனால் உள்ளுக்குள் நடுக்கம். முந்திய குளிர்காலத்தில் இன்னொரு வீட்டாரின் அரங்கேற்றத்தில் பாதி மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. அதை நாங்கள் நாலு பெண்கள் கார்த் தரிப்பிடத்தில் நின்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இனி என்னைப் பார்த்தும் அப்படிச் சிரிப்பார்களே! அதுதான் என் பயம். எவ்வளவு கேவலமான பயம், பாருங்கள்.

காலையில் வந்த முன்னறிவிப்பு தெளிவாகவே இருந்தது. இலேசான பனித்தூவல். பிற்பகலில் இலேசான உறைதூறல். வீதிகள் வழுக்கும், அவசியமற்ற பயணங்களைத் தவிர்க்கவும்.

உறைதூறல் எப்படிப்பட்டது என்று இங்கே ஒரு குளிர்காலம் கழித்தவருக்குத் தெரியும். பனி கொட்டினால் கண்ணுக்குத் தெரிகிறது. பயந்து மெதுவாக ஓட்டுகிறோம். இது மழைத் தூறல் போல வந்து, பட்ட இடத்திலேயே உறைந்துவிடும். வீதி வெறும் ஈரமாகத்தான் தெரியும். 'இலேசான' என்ற சொல்லை நம்பினால் அவ்வளவுதான்! இதை நானே எத்தனை காலையில் உங்களுக்கு எச்சரித்திருக்கிறேன்...

அன்று பனித்தூவலை வாசித்தேன். உறைதூறலை விழுங்கினேன்.

"சும்மா பூத் தூவினமாதிரிக் கொஞ்ச ஸ்நோதான். ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. உங்கடை அலுவலுகளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போடச் சொன்னேன்.

ஒலிக்கட்டுப்பாட்டில் இருந்த சீலன் கண்ணாடிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, ஃபிரீசிங் டிரிசில் எண்டும் கிடக்கு. நீங்கள் அதை வாசிக்கேல்லை."

"அடுத்த முறை சொல்லுவம்" என்றேன். சொல்லவில்லை.

இனி பவானி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. நகருக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லில் மகனோடு இருக்கிறார். கணவர் போன பிறகு, ஐம்பது தாண்டிய வயதில் கார் ஓட்டப் பழகியவர். குளிர்காலம் வந்தால் காலையில் நிலையத்துக்கு அழைப்பார். "பிள்ளை, இண்டைக்குக் காரை எடுக்கலாமோ?" மகன் சொன்னால் நம்பமாட்டார். என் வாயிலிருந்து வந்தால்தான் சாவியைத் தொடுவார். இதை நான் பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அன்று பிற்பகல், மண்டபத்து ஒப்பனை அறையில் மகளுக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தபோது அவரது அழைப்பு வந்தது.

"பிள்ளை, என்னவோ தூறுது. மகன் போகவேண்டாம் எண்டுறான். நான் வரட்டோ, விடட்டோ?"

திரையை விலக்கிப் பார்த்தேன். கதிரைகள், கதிரைகள்... ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக.

"அது ஒண்டுமில்லை அக்கா. காலைமை சொன்னன்தானே? வாங்கோ. முன் வரிசையிலை உங்களுக்கு ஒரு கதிரை பிடிச்சு வைக்கிறன்."

"அப்ப நான் வெளிக்கிடுறன்!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே...

நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் கார் வழுக்கி, ஓரத் தடுப்பில் மோதிச் சுழன்றிருக்கிறது. வலது தோளும் கையும் நொறுங்கிவிட்டன.

எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் முன் வரிசையில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வழியில் என்னவோ ஏதோ என்று பதறினேனா? இல்லை. வீடியோவில் அந்தக் காலிக் கதிரை விழப்போகிறதே என்று எரிச்சல்பட்டேன்! மச்சாளை இழுத்து வந்து அதில் இருத்தினேன். தூ! நானும் ஒரு மனுசியா?

அடுத்த நாள் செய்தி கேட்டு மருத்துவமனைக்குப் போனேன். கையில் ஒரு பை தோடம்பழம். மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் பவானி அக்கா முந்திக்கொண்டார்.

"அவவிலை பிழையில்லை தம்பி. அவ சரியாத்தான் சொன்னவ. நான்தான் பயத்திலை பிரேக்கை அமத்திப்போட்டன்."

நான் என்ன செய்தேன்? "எல்லாம் விதி அக்கா" என்றேன். விதி! அந்த விதியைக் காலையில் விழுங்கியவள் நான் அல்லவா?

அந்தக் கை இப்போது தோளுக்கு மேலே எழும்பாது. தலை வாருவது மருமகள். கார் விற்றாயிற்று. கார் இல்லாமல் அந்தப் பகுதியில் ஒரு பால் வாங்கவும் முடியாது. மகன் வேலையால் வரும்வரை ஜன்னலடியில் வானொலியோடு இருக்கிறார். என் குரலோடு!

அதற்குப் பிறகாவது திருந்தினேன் என்று நினைக்கிறீர்களா? இப்போது இரண்டு பனித்துகள் பறந்தாலே, "வெளியிலை போகாதேங்கோ" என்று கத்துகிறேன். உங்கள் மேல் உள்ள அன்பினால் அல்ல. இனி யாரும் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அன்று கதிரை நிரம்பச் சொன்ன பொய். இன்று என் தோலைக் காக்கச் சொல்லும் பொய்.

போன கிழமையும் அப்படித்தான் கத்தினேன். சற்று நேரத்தில் பவானி அக்கா அழைத்தார்.

"பிள்ளை, கனநாளைக்குப் பிறகு என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறதுக்கெண்டு மகன் லீவு எடுத்தவன். சீலையும் உடுத்திட்டன். நீர் சொன்னதைக் கேட்டிட்டு, வேண்டாம் தம்பி எண்டிட்டன். நல்ல காலம் நீர் சொன்னது. உமக்கு எங்களிலை எவ்வளவு அக்கறை!"

ஜன்னலால் பார்த்தேன். வெயில் எறித்துக்கொண்டிருந்தது. வீதி காய்ந்து கிடந்தது.

"ஓம் அக்கா," என்றேன், "வீட்டிலை இருங்கோ."