நைனா நெப்டியூனாக இருந்த நாள்

ஏரிக் காற்றில் சுண்ணாம்புப் பொடி பறந்து கண் எரிந்தது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம்தான் எங்கள் ஊர். கரை மணலில் எட்டு வட்டம் போட்டு முடிப்பதற்குள் என் புதுச் சுடிதார் முழுக்க வெள்ளை...

அப்போது நான் ஊர் ஊராகப் போய் அறிவியல் காட்டும் வேனில் டெம்பரரி. அன்றைக்கு ஆபீசர் பார்த்து ஓகே சொன்னால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து இறால் உரிக்க வேண்டியதுதான்.

கோள்களாகச் சுற்ற வேண்டிய பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிக்கு மீஞ்சூர் போய்விட்டார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்த எட்டு பேரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். நடுவில் சூரியனாக ஒரு மஞ்சள் டிரம்.

ஏழுமலை மாமா புதன். டிரம்மை ஒட்டி ஓட வேண்டும். யாரும் எடுக்காத நெப்டியூன் என் நைனாவுக்கு. அந்த வட்டம் பாதி ஏரிக்குள்... முழங்கால் தண்ணீர்.

ஆபீசர் வந்தார். விசில் அடித்தேன். ஒரு சுற்று முடித்த மாமா வெளியே வந்து வெள்ளியின் தோளைத் தட்டினார்.

"நீ உள்ள போ. என் மொறை முடிஞ்சுது."

"மாமா! உங்க வட்டத்த வுட்டு வரக்கூடாது!"

"இன்னாம்மா சொல்ற? நல்ல பாட்ட ஒருத்தனுக்கே குடுப்பமா? மேல மட்டும் நியாயம் வேணாமா?"

பாடு என்றால் ஏரியில் மீன் பிடிக்கும் இடம். எங்கள் ஊரில் அது ஒருவரிடமே இருக்காது. சீட்டுப் போட்டு முறை மாறும். வானத்துக்கும் அதே சட்டம்தான் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஐந்தே நிமிடத்தில் வியாழன் உள்ளே, பூமி வெளியே... சனி டீ குடிக்கப் போய்விட்டது; பின்னாலேயே மற்றவர்களும்.

ஆபீசர் பேனாவை மூடினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிளம்பப் போனவர் ஏரிப் பக்கம் திரும்பினார். தண்ணீருக்குள் நைனா மட்டும் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னபடி மெள்ள மெள்ள நடந்துகொண்டிருந்தார்.

"பெரியவரே, எல்லாரும் போயிட்டாங்க. நீங்க இன்னும் ஏன் நடக்கறீங்க?"

"நான் நெப்டியூன் சார். ஒரு சுத்துக்கு நூத்தி அறுவத்தஞ்சு வருசம் ஆவும்னு பொண்ணு சொல்லிச்சு. இன்னும் கால்வாசிகூட வரல."

ஆபீசர் சிரித்த சிரிப்பில் பேனா மணலில் விழுந்தது. என் வேலை நிலைத்தது.

இப்போது சென்னையில் ஒரு கோளரங்கத்தில் இருக்கிறேன். ஏசி அறை. பட்டனைத் தட்டினால் எட்டும் அதனதன் பாதையில் சத்தமில்லாமல் சுற்றும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது... ஆனால் சண்டை போட ஆளில்லாமல் சப்பென்று இருக்கிறது.

போன மாதம் நைனாவை அழைத்து வந்து காட்டினேன். ஷோ முடியும்வரை அண்ணாந்தே பார்த்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் அவனயே கடைசில வுட்டு வெச்சிருக்கீங்களே... ஒரு தபா உள்ள மாத்தி வுடும்மா, பாவம்."