ஆறாம் நம்பர் ரூம் வெந்நீரும் ஆன்லைன் கிராஃபும்

கெஸ்ட்ஹவுஸ் ரிசப்ஷன் வேலைங்கிறது, அடுத்தவங்க சோலிக்கு நடுவுல நம்ம சோலியப் பாக்குறது. மலை மேல, வட்டக்கானல்ல சாவி குடுக்குற கேப்புல நான் கோடிங் கத்துக்கிறேன். என்னைய மாதிரியே ஓட்ட போன வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறவங்களே, கேளுங்க.

லேப்டாப் இல்லாமலே

என் போன்ல ரெண்டு ஆப் சேந்து தொறந்தாலே தொங்கிரும். ஆனா நெட்லயே கோடு எழுதுற ஒரு ஆன்லைன் நோட்புக்குல, பைத்தான்ங்கிற கோடிங் பாஷையில நாலு வரி தட்டுனேன், பட்டுன்னு விடை வந்துச்சு பாருங்க! கணக்குப் போடுறது போன் இல்ல, எங்கயோ இருக்குற பெரிய கம்ப்யூட்டர். நடுவுல டவர் போயிருச்சு. திரும்ப வந்தப்ப எழுதுனது அப்பிடியே கெடக்கு. எங்க விறகு பாய்லரப் பாத்துக்கிற செல்வி அக்காகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அந்த மிஷினு இருக்குற எடத்துல குளுராதா தம்பி?"

சாக்லேட் கடை தெர்மாமீட்டர்

ஆறாம் நம்பர் ரூம் படிக்கட்டுக்குக் கீழ, கடைசியில. அங்க வாளியில போற வெந்நீர் ஆறிப்போகுதுன்னு ரெண்டு கம்ப்ளெயின்ட். இன்னொண்ணு வந்தா கீசர் மாட்டிட்டு அக்காவ நிப்பாட்டிருவேன்னு ஓனர் சொல்லிட்டாரு. அக்கா அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

சாக்லேட் செய்யிற கடையில தெர்மாமீட்டர் எரவல் வாங்கி, ஒவ்வொரு வாளியாச் சூடு பாத்து, கிராஃப் சைட்ல ஏத்துனேன். கோடு என்ன அழகா வளைஞ்சு எறங்குச்சு தெரியுமா! அள்ள அள்ளப் பாய்லர்ல பச்சத்தண்ணி ஏறுது, அதனால கடைசி வாளி கெளம்பும்போதே வெதுவெதுப்புதான். பாய்லர் பக்கத்து ரூம்ல ஆரம்பிக்காம ஆறாம் நம்பருக்கு மொதல்ல குடுக்கணும். ஓனர்கிட்டக் காட்டுனேன்.

"இதச் சொல்றதுக்கு எதுக்குலே இம்புட்டுக் கோடு?"

மொதல் நாள் சொதப்பல்

மறுநாள் வெள்ளனே மொதல் வாளி ஆறாம் நம்பருக்குப் போச்சு. வாளிய வாசல்ல வச்சு, கதவத் தட்டிட்டு வந்துர்றது எங்க வழக்கம். உள்ள இருந்தவரு அசந்து தூங்குறாரு. பனியில தண்ணி ஜில்லுன்னு ஆயிருச்சு. நல்லவேளை, அவரு எந்திரிக்கிறதுக்குள்ள அக்கா பாத்து வேற வாளி மாத்தி வச்சுருச்சு.

"கதவு எப்பத் தொறக்கும்னு ஒம் மிஷின்ல போட்டியா?"

மூணாவது கம்ப்ளெயின்ட்

அன்னைக்குச் சாயங்காலமே எல்லா ரூம்லயும் எப்ப எந்திரிப்பீங்கன்னு கேட்டுட்டேன். அத நோட்புக்குல ஏத்துன ஒடனே, எப்ப விறகு போடணும், எந்த வாளி எப்பப் போகணும்னு வரிசையாக் குடுத்துருச்சு. காலையில ஆறாம் நம்பர்காரரு துண்டோட நேரா ரிசப்ஷனுக்கு வந்தாரு. பக்கத்துல ஓனர். தண்ணியில கையே வைக்க முடியல, கொஞ்சம் பச்சத்தண்ணி குடுங்கன்னு கேட்டாரு. ஓனர் என்னைய ஒரு பார்வ பாத்துட்டு, ஏற்கெனவே வெல கேட்டு வச்சிருந்த கீசர் கடைக்குப் போன் போட்டாரு.

"இப்போதைக்கு வேணாம்ப்பா. இங்க தண்ணி சூடு ஜாஸ்தியாம்."

கணக்குப் போட்டது எங்கயோ இருக்குற கம்ப்யூட்டரு, வாளி தூக்குனது செல்வி அக்கா, கெட்டிக்காரப் பயன்னு பேரு வாங்குனது மட்டும் நான்.