சுவரில் ஒரு பெயர்

1957 ஆகஸ்டு 19, திங்கட்கிழமை. விடியலில் பெய்த தூறல் நின்று, காஜா பேராங் சாலை ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அச்சகத்தின் வெளிச்சுவரைப் பொன்னுதுரை துண்டால் துடைத்து, பசை தடவி, இரண்டு தாள்களை அருகருகே ஒட்டினார். பிறகு சாலையைக் கடந்து, எதிர்ப்புறக் காப்பிக்கடை வாசலில் என்னருகே நின்று பார்த்தார்.

எந்த விளம்பரத்தையும் அவர் இப்படித்தான் சோதிப்பார். "பஸ்ஸுல போறவன் கண்ணுல விழுவணும், வாத்தியாரே. இல்லாட்டி மையி தண்டம்," என்பார் பள்ளி ஆசிரியனான என்னிடம்.

அச்சுக் கோக்கும் அவருக்கு நெருக்கமானவை மரத்தில் செதுக்கிய பெரிய ரோமன் எழுத்துகள். ஒவ்வொன்றும் உயரத்தைவிட அகலம் மிகுந்தது. தலையிலும் காலிலும் செங்கல் வைத்தாற்போன்ற தடித்த கட்டை. மெலிந்த கோடு எங்கும் இராது. நான்கைந்து எழுத்திலேயே தாள் நிறைந்துவிடும். சர்க்கஸ், துணிக்கடைத் தள்ளுபடி, இப்போது மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் ஊர்வலம் எல்லாம் அவற்றில்தான். கருமாதி அறிவிப்புக்கு மட்டும் கொடுக்கமாட்டார். "துக்க வீட்டுல போயி இது கத்தும்."

அவர் கத்தி நான் கேட்டதில்லை, பேசுவதே அரிது. தைப்பூசத்துக்கு மறுநாள் அவர் மனைவி அஞ்சலை, "ஒங்களோட இருக்கிறதுக்குச் சுவத்தோட பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் புக்கிட் பாருவில் உள்ள தமையன் வீட்டுக்குப் போய்விட்டார். அச்சகத்தின் பின்னறையில் இவர் தனியே சமைக்கிறார். உண்பது ஒரு தட்டில்; கழுவிக் கவிழ்ப்பது இரண்டு.

அஞ்சலை, மருத்துவமனைச் சலவைக்கூட வேலைக்குக் காலைப் பேருந்தில் இவ்வழியேதான் போவார். அவருக்கு வாசிக்கத் தெரிந்தவை இந்த அகன்ற எழுத்துகள் மட்டுமே. மணமான புதிதில், சுவரில் காயும் தாள்களைப் பார்த்துப் பழகியவை. அன்றைய தாள்களில் அவருடைய பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. "படிச்சா எறங்கிடுவா" என்று முந்தின மாலை எழுத்துகளை அச்சுச் சட்டத்தில் முடுக்கியபடியே பொன்னுதுரை என்னிடம் சொல்லியிருந்தார்.

காப்பிக்கடையில் தினமும் உட்காரும் மருதமுத்து கண்களைச் சுருக்கினார். "என்னாங்கண்ணே, புதுப் படமா? எந்தக் கொட்டகையில?"

"நடிக்கிறது யாருன்னு போடலியே," என்றார் அவருடன் இருந்த ஜெயபாலன். "எதுக்கும் டிக்கெட்ட இப்பவே எடுத்து வையி. மெர்டேக்கா கூட்டத்துல கெடைக்காது லா."

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த எழுத்தில் ஒரு பெண்ணின் பெயரை அவர்கள் பட விளம்பரத்தில்தான் கண்டிருந்தார்கள்.

பேருந்து வந்தது. சன்னலோரத்தில் ஒரு கொண்டை சுவர்ப்பக்கம் திரும்பியது. வண்டி நிறுத்தத்தைத் தாண்டி, வளைவில் மறையும்வரை திரும்பியே இருந்தது. எவரும் இறங்கவில்லை.

மீண்டும் தூறியது. பொன்னுதுரை சாலையைக் கடந்துபோய், பிரிந்து எழும்பிய தாள்முனையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார்.

"கிழித்துவிடலாமா?" என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"இருக்கட்டும், வாத்தியாரே. சாயங்காலமும் இதே வழியாத்தான் வருவா."