கம்பியூட்டருக்குச் சந்தனம் பூசியவன்

கம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் கம்பியூட்டரால் ஒரு தொந்தரவும் கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களால்தான் எல்லாத் தொந்தரவும். இதே தொழிலில் இருந்துகொண்டு என்னைப் போலவே வயிறெரிந்துகொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரத்தினபுரிப் பக்கம் பெல்மதுளையில் நௌஷாத் நானாவின் போன் கடையில் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் ஒரு மேசை இருக்கிறது. அதுதான் என் ராஜ்ஜியம்.

பாஸ் இல்லையா?

எங்கள் பக்கத்தில் சுவர் கட்டுகிறவர், கதவு செய்கிறவர், மோட்டார் திருத்துகிறவர் எல்லாருமே 'பாஸ்'தான். சிங்களத்திலிருந்து வந்து எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்ட சொல். பாஸ் என்றால் ஆம்பிளை என்பது ஊர் எழுதாமல் எழுதி வைத்த சட்டம். தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா தன் மெஷினோடு வந்து, "பாஸ் இல்லையா?" என்றார். நான்தான் என்றேன். நல்ல பகிடி கேட்டவர் போலச் சிரித்துவிட்டு, அவர் வரும்வரை இருக்கிறேன் என்று என் முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் கண் முன்னாலேயே கழற்றினேன். தூசு தட்டினேன். மெமரியை எடுத்துத் துடைத்து மறுபடி அமுக்கினேன். மெஷின் ஓடியது. ஐயாவும் திருப்தியாக எழுந்தார். போகிற போக்கில் திரும்பி நின்று சொன்னார்: "ரொம்ப நன்றிம்மா. பாஸ் வந்தார்னா ஒருக்கா செக் பண்ணிப் பாக்கச் சொல்லிருங்க."

தன்பாட்டில் ஏறுவது

பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அதுவும் கடையில் முழுதாக வாங்கிய மெஷின் என்றால் பரவாயில்லை. எங்கள் ஊரில் பாதிக்குமேல் வீட்டிலேயே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியவை. போர்டு ஒருவர் கழித்தது, பவர் சப்ளை இன்னொருவர் கழித்தது, பெட்டி இரத்தினபுரியில் யாரோ சும்மா கொடுத்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் பொருத்தமான டிரைவரைத் தேடி இன்டர்நெட் முழுக்க அலைய வேண்டும். அலைந்து முடித்து, திரையில் தொண்ணூறு சதவீதம் என்று வரும்போது மழை இடித்துக்கொண்டு வரும், கரண்ட் போகும். மறுபடி முதலில் இருந்து.

அப்படி ஒரு நாள் ஒரே மெஷினுக்கு இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு, திரையை முறைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நானா எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் டீயோடு இதையும் வைத்தார்: "அது தன்பாட்டுல ஏறுது. நீங்க சும்மாதானே ஈக்கிறீங்க, அந்த போன் கவரையெல்லாம் கொஞ்சம் அடுக்கி வைங்களே புள்ள."

அடுத்த வாரம்

இனி பாலாவுக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் கல்யாணமா, சடங்கா, கோயில் திருவிழாவா, கேமராவோடு நிற்பவன் பாலாதான். என் தங்கச்சி கலாவின் கல்யாணத்துக்கும் அவனேதான் வீடியோ எடுத்தான். கல்யாணம் முடிந்த சில மாதங்களிலேயே அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். போட்டோ இருக்கிறது. ஆனால் அவர் குரல் எங்களிடம் எதிலும் இல்லை. போனில் பதிந்து வைக்கலாம் என்று அவர் இருக்கும்போது யாருக்குத் தோன்றியது? அந்த வீடியோவில் மட்டும்தான் இருக்க வேண்டும். அதைக் கேட்டு நடந்து நடந்து என் செருப்புத் தேய்ந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினான். பிறகு கம்பியூட்டர் பழுது என்றான்.

கடைசியில் அந்தக் கம்பியூட்டரே ஓட்டோவில் ஏறி என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடுகிறதாம். "உள்ள ஒண்ணுமே இல்லக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுக் குடுங்க" என்றான் பாலா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் போலிருந்தது. கலா கல்யாணம் எங்கேடா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "அது பத்திரமா இருக்குக்கா. எங்க இருக்குன்னுதான் தெரியல."

குளிர்ச்சி

எனக்கு முன்னால் மூன்று பாஸ்மார் அந்த மெஷினில் கை வைத்திருந்தார்கள். மூன்று பேரும் ஒரே வைத்தியம்தான்: துடை, விண்டோஸ் போடு, அனுப்பு. மெஷின் ஏன் அணைகிறது என்று ஒருவராவது மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாமா? நான் கழற்றினேன். காற்று போகிற ஓட்டைகளின் மேல் பெரிய குங்குமப் பொட்டு. சரி, ஆயுத பூசைக்கு எல்லா வீட்டிலும் வைப்பதுதான், எங்கள் வீட்டு மிக்ஸிக்கும் வைத்திருக்கிறோம். அடுத்து பிராசஸர் மேல் இருக்கிற விசிறியை எடுத்தேன். கமகமவென்று வாசம் வந்தது. சூட்டை இழுத்து வெளியே விடுவதற்கு ஒரு பசை பூசியிருக்கும் அல்லவா, அந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து வெடித்துப் பொடியாகக் கிடந்தது. தொட்டு மோந்து பார்த்தேன். சந்தனம்!

பாலாவைக் கூப்பிட்டு வைத்து விசாரித்தேன். ஆயுத பூசையன்று மெஷினைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று உள்ளே வரைக்கும் கழற்றித் துடைத்திருக்கிறான். பிராசஸரில் சாம்பல் நிறமாக அழுக்கு ஒட்டியிருந்ததாம், அதையும் வழித்தெடுத்துவிட்டானாம். பிறகு அங்கே ஏதோ பூச வேண்டும் என்று ஞாபகம் வந்து, பூசைத் தட்டில் குழைத்து வைத்திருந்ததை எடுத்துப் பூசியிருக்கிறான். நான் கத்திய கத்தலில் நானாவின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலா அசையவே இல்லை. "என்னாக்கா இப்படிக் கத்துறீங்க? சந்தனம் ஒடம்புக்கே குளிர்ச்சி, இதுக்கு மட்டும் ஆகாதா?"

கழன்ற வயர்

சந்தனத்தைச் சுரண்டி, சரியான பசையைப் பூசி, ஓட விட்டேன். அணையவில்லை. ஆனால் டிஸ்கில் தேடினால் ஒன்றுமே இல்லை. மூன்று பாஸ்மார் மாறி மாறித் துடைத்த டிஸ்கில் என்ன மிச்சமிருக்கும்? அழுகைதான் வந்தது. அழுகையை மறைக்கப் பெட்டிக்குள் குனிந்தபோதுதான் அடியில் இன்னொரு டிஸ்க் கண்ணில் பட்டது. அதன் வயர் கழன்று தொங்கியது. அந்த ஆயுத பூசைச் சுத்தத்தில் பாலா கழற்றினவன் மாட்ட மறந்திருக்கிறான். வயர் தொங்கியதால்தான் அந்த மூன்று பேருடைய துடைப்பமும் அதன் மேல் படவில்லை.

மாட்டினேன். எத்தனையோ பேருடைய கல்யாணத்துக்கு நடுவில் கலாவின் கல்யாணமும் எடுத்தது எடுத்தபடியே கிடந்தது. கோயில் வாசலில் அப்பா பட்டு வேட்டியோடு நிற்கிறார். கேமராவைப் பார்த்து, வீடியோ எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார். அடுத்த வாரம் அய்யா என்று பாலாவின் குரல். அப்பா விரலை ஆட்டுகிறார். அந்தக் கரகரப்பு, அந்த அதட்டல், எல்லாம் அப்படியே இருந்தது: "அடுத்த வாரம்னா அடுத்த வாரமே வரணும் தம்பி. இல்லாட்டி எங்க மூத்தவ ஒன்னைய சும்மா விடமாட்டா."

மூத்தவள் நான்தான்.

எடிட்

அதைக் கொப்பி எடுத்து இரண்டு இடத்தில் வைத்தேன். பிறகு அந்த டிஸ்கின் வயரை நானே கழற்றிவிட்டு, மற்றதைத் துடைத்து, முறைப்படி விண்டோஸ் போட்டு, டிரைவர் எல்லாம் தேடிப் போட்டு முடித்து, வயரை மறுபடி மாட்டினேன். பாலா வந்ததும் அவனுக்கு விடுவதற்காக ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்சையெல்லாம் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, முதலில் இதைப் பார் என்று வீடியோவைப் போட்டேன்.

அப்பா பேசி முடிக்கும்வரை பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டான்: "நல்லவேளைக்கா, நான் சோம்பேறியா இருந்தது. சொன்ன நேரத்துக்கு எடிட் பண்ணியிருந்தா, வழக்கம்போல இந்தப் பேச்சையெல்லாம் எடுத்துட்டுப் பாட்டுத்தான் போட்டிருப்பேன்."

இந்தத் தொழிலில் எனக்கென்று மிச்சமிருந்தது வாய் நிறையத் திட்டுகிற உரிமை ஒன்றுதான், அதையும் அந்தப் படுபாவி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.