பென்சில் குறி இல்லாத கையெழுத்து

என் தங்கைக்குச் சேர வேண்டிய பாதி வீட்டை ஒரு பொய் சொல்லி என் பேரில் எழுதிக்கொண்டேன். வீட்டைப் பேர் மாற்றும் செலவைப் பற்றிய பொய் அது. அந்தச் செலவைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் அப்போது அதிகம் பேர் இல்லை. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தேன். வீடு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வக்கீலைப் பார்ப்பதற்கு முன் என் மேசைக்குத்தான் வருவார்கள். "கிராணி அண்ணே இருக்காரா?" என்று மாடிப்படியிலேயே குரல் கேட்கும். தோட்டத்திலும் ரயில் பாதையிலும் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள் முதல் முறையாகச் சொந்த வீடு வாங்கிய காலம். அவர்களில் பலருடைய பத்திரங்கள் என் கை வழியாகப் போயின. அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை.

ஒரு லோரி டிரைவர் முன்பணம் கட்டிய ரசீதோடு வந்தது நன்றாக நினைவிருக்கிறது.

"வீடு இப்ப என்னுதுதானே அண்ணே? சாவி எப்ப குடுப்பாங்க?"

"ஒரு செங்கல்லுகூட இன்னும் உங்களுது இல்ல. முத்திரை வரி இருக்கு, வக்கீல் கட்டணம் இருக்கு, பேங்க் கடன் பத்திரத்துக்குத் தனியா முத்திரை இருக்கு."

"எல்லாம் நானா? விக்கிறவன் ஒண்ணும் கட்ட மாட்டானா?"

"லாபம் வந்தா அவன் அதுக்கு வரி கட்டணும். ரொம்ப வருஷம் வச்சிருந்து வித்தா அது குறைஞ்சிடும்."

"நல்லா இருக்கு லா உங்க சட்டம். விக்கிறவனுக்குக் குறையுது, வாங்கிறவனுக்கு ஏறுது."

அவருக்கு ஒரு தாளில் மாடிப்படி வரைந்து காட்டினேன். வீட்டு விலையின் முதல் நூறாயிரத்துக்கு நூற்றுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், முத்திரை வரி. அதற்கு மேலுள்ள விலைக்கு நூற்றுக்கு இரண்டு. இன்னும் மேலே போனால் வரியும் அடுத்த படிக்கு ஏறும். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். சாவி கிடைத்த அன்று லோரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, சாவியைக் காட்டுவதற்காகவே மாடியேறி வந்தார்.

கிராணிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் முன்கூட்டியே பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைப்போம். வருகிறவர்கள் குறியைத் தேடிக் கையெழுத்துப் போடுவார்கள். பக்கத்தைப் படிப்பவர்கள் குறைவு. வேலை சீக்கிரம் முடியும். பிறகு பென்சிலை அழித்துவிடுவோம்.

அப்பா ரயில் பாதையில் வேலை செய்தவர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எங்களை வளர்த்து, கடைசியில் கிள்ளானில் ஒரு தரைவீடு வாங்கினார். அவருக்கு எழுதத் தெரியாது. வீட்டு உரிமைப் பத்திரமான கிராண்டில் தன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரியும். வருகிறவர்களுக்கு அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். சட்டப்படி ஆளுக்குப் பாதி. வாரிசுகள் பேருக்கு மாற்றும் அந்தப் பத்திரத்துக்கு முத்திரை வரி பத்து வெள்ளி மட்டும். ஒரு பேர் எழுதினாலும் இரண்டு பேர் எழுதினாலும் அதே பத்து வெள்ளி.

தங்கை அப்போது ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். வேலை முடிந்து, சீருடை மாற்றாமல் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய தாள்களை, குறி போட்டு, அவள் முன்னால் வைத்தேன்.

"ரெண்டு பேர் பேர்ல போட்டா முத்திரை வரி ரெண்டு மடங்கு வரும்மா. உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. இப்ப என் பேர்ல மட்டும் போடுவோம். வீடு எங்க போயிடப் போகுது?"

"நீங்க சொன்னா சரி அண்ணே," என்றாள். குறி இருந்த ஒவ்வொரு இடத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மணி பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கல்யாணத்துக்கு அவளுக்கு நகை போட்டாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அந்த வீடு வேண்டும். கிராண்டில் என் பேர் மட்டும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் என் மேசைக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். தங்கையும் அவள் கணவரும் பூச்சோங்கில் தங்கள் சம்பளத்தில் வீடு வாங்கினார்கள். அதற்கு அவள் என் அலுவலகத்துக்கு வரவில்லை. வேறு வக்கீலிடம் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மனைவி இறந்த பிறகு, கிள்ளான் வீட்டில் தனியாக இருந்தபோது, இதைச் சரி செய்யாமல் சாகக் கூடாது என்று தீர்மானித்தேன். மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அத்தையோட பாதிய அத்தைக்குக் குடுங்கப்பா," என்றான். எனக்குப் பழக்கமில்லாத ஓர் அலுவலகமாகப் பார்த்துப் போனேன். வக்கீல் முப்பது வயதுப் பெண். பாதியைத் தங்கை பேருக்கு மாற்ற வேண்டும், பணம் எதுவும் கைமாறாது என்று சொன்னேன்.

"காசே சாயாங்தானே, வரி விலக்கு உண்டுன்னு நினைக்கிறீங்களா அங்கிள்?" என்றார். அன்புக்காகக் கொடுப்பதை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். "அது கணவன் மனைவிக்குள்ள, பெத்தவங்க பிள்ளைங்களுக்குள்ள. அண்ணன் தங்கச்சிக்குக் காசே சாயாங் கிடையாது. பாதி வீட்டோட இன்னைய மதிப்புக்கு முழு முத்திரை வரி வரும்."

எனக்கும் அது தெரியும். ஒருவேளை சட்டம் மாறியிருக்குமோ என்ற நப்பாசையில்தான் போயிருந்தேன். அன்று பத்து வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு இல்லாத வரியைச் சொல்லி அவளைப் பயமுறுத்தினேன். இப்போது அந்த வரி நிஜமாகவே வந்து நின்றது. உயிலில் எழுதி வைத்தால் மறுபடி பத்து வெள்ளியோடு முடியும் என்றும் வக்கீல் சொன்னார்.

பூச்சோங்குக்குப் போனேன். தங்கை சமையலறையில் உட்கார்ந்து நெத்திலியின் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"இந்த வீடு வாங்கினப்பலேர்ந்து. ரெண்டு பேர் பேர்ல போட்டா ரெண்டு மடங்கு வரி வருமேன்னு அங்க இருந்த கிராணிகிட்ட கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சிட்டா. பத்து பேர் போட்டாலும் வீட்டு விலைக்குத்தான் வரி அக்கா, தலைக்குத் தலை இல்லன்னு சொன்னா."

"என்னை ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லுவீங்க. அப்புறம் தீபாவளிக்கு நான் எப்படி உங்க வீட்டுக்கு வர்றது?"

இருபது வருஷத்துக்கும் மேல், ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு டப்பாவோடு வந்து, அந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். வக்கீல் சொன்னதையும் சொன்னேன்.

"அண்ணன் தங்கச்சிக்குக் காசே சாயாங் இல்லையாமா?" என்றாள். "எனக்கு அப்பவே தெரிஞ்சது, கவர்மெண்டுக்கு இப்பத்தான் தெரியுதா? பேர்லயே காசேன்னு இருக்கு, அப்புறம் காசு கேக்காம விடுவானா."

"உயில்ல எழுதினா பத்து வெள்ளிதானாம்."

"நீங்க போனதுக்கு அப்புறமா? எனக்கே அறுபத்தெட்டு ஆச்சு அண்ணே. யார் முந்துறதுன்னு போட்டி வைக்கணுமா?" நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தாள். "எழுதறதுன்னா இப்ப எழுதுங்க. ஆனா பென்சில் குறி போடக் கூடாது. நான் படிச்சுதான் போடுவேன்."

அப்படித்தான் நடந்தது. வக்கீலிடம் முன்பே சொல்லி, குறி இல்லாத தாள்களை வைக்கச் செய்தேன். தங்கை கண்ணாடி போட்டுக்கொண்டு, மலாயில் இருந்ததை வரி வரியாக, உதடு அசைய, விரலை நகர்த்திப் படித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது அன்பளிப்புன்னு போட்டிருக்கு. பாதி என்னுதுதானே? அது எப்படி அன்பளிப்பாகும்?"

வக்கீல் என்னைப் பார்த்தார்.

"ஃபார்ம்ல அதுக்கு வேற வார்த்தை இல்லம்மா," என்றேன். பிறகு வக்கீலிடம் சொன்னேன்: "நான் ஏமாத்தி வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிறேன். உங்க ஃபைல்ல எழுதணும்னா அப்படி எழுதிக்குங்க." ஒரு வக்கீல் மேசைக்கு முன்னால் என்னைப் பற்றி நான் சொன்ன முதல் முழு உண்மை அதுதான். தங்கை பேனாவை எடுத்து, இடத்தைத் தானே கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் மேசையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூட இப்படிப் படித்ததில்லை.

"சட்டப்படி வாங்கிறவதானே வரி கட்டணும்?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"பொய் சொன்னவன் கட்டுவான்," என்றேன். என் சேமிப்பிலிருந்து கட்டினேன்.

சில மாதங்கள் கழித்துப் புதிய கிராண்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பூச்சோங்குக்குப் போனேன். என் பேரும் அனாக் லெலாக்கி என்று அப்பா பேரும் ஒரு வரியில். அடுத்த வரியில் அவள் பேரும் அனாக் பெரெம்புவான் என்று அப்பா பேரும். மகன் என்றும் மகள் என்றும், எழுதத் தெரியாத மனிதரின் பேர் இரண்டு முறை.

தங்கை அந்த இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். அப்பா வைப்பது போலவேதான் வைத்தாள். மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் இந்தத் தீபாவளிக்கு முன்னால் வீட்டு வாசல் கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் வாங்கி வைத்திருந்தேன். முறுக்கு டப்பா இல்லாமல், சொல்லாமல், ஒரு சனிக்கிழமை வந்தவள் டின்னைப் பார்த்துவிட்டாள்.

"யாரைக் கேட்டு வாங்கினீங்க?"

"கேட்டு துரு பிடிச்சிருக்கும்மா."

"அப்பா நீலம்தான் அடிப்பாரு. பாதி கேட்டு என்னுது. டின்ன மாத்திட்டு வாங்க."

கடைக்காரர் திறக்காத டின்னை மாற்றித் தரச் சம்மதித்தார். "ஏன் அங்கிள், கலர் பிடிக்கலையா?" என்று கேட்டார்.

"எனக்குப் பிடிச்சுது," என்றேன். "வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்கல."