பத்தொன்பதோடு நின்ற பதிவேடு

கச்சிராயபாளையம் சாலையில் சிவசங்கர் முதலாளியின் அரிசி ஆலையில் முப்பத்து நான்கு பேர் வேலை செய்தார்கள். வருகைப் பதிவேட்டில் பத்தொன்பது பெயர்கள்தான் இருந்தன. இருபதானால் பி.எஃப். சட்டம் வந்துவிடும், ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளியும் மாதாமாதம் பங்கு கட்ட வேண்டும். பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆறு வருடத்துக்கு முன்பு யோசனை சொன்னவர் ஆலைக் கணக்கர் அப்துல் ஜலீல். மீதிப் பதினைந்து பேருக்கு ஒரு நீல அட்டை நோட்டுப் போட்டு, தினமும் காலையிலும் மாலையிலும் கைநாட்டு வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை கூலி கொடுக்க அது வேண்டியிருந்தது. அதற்கு மேல் அவர் யோசித்ததில்லை.

1987 செப்டம்பரில் வன்னியர்கள் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியலில் இறங்கினார்கள். புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள், பஸ் ஓடவில்லை. ஐந்தாம் நாள் திங்கட்கிழமை பகலில், ஆலைக்கு மூன்று மைல் தள்ளி ஒரு போலீஸ் ஜீப்பின் மேல் கல் விழுந்தது. சாயங்காலம் பக்கத்து ஊரில் நுழைந்த போலீஸ், அகப்பட்டவர்களை வேனில் ஏற்றியது. ஆலையில் நெல் அவிக்கும் பிச்சைமுத்து அப்போதுதான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்திருந்தார். அவரையும் ஏற்றிவிட்டார்கள்.

அவர் மனைவி பெரியம்மாள், தன் வீட்டுக்காரர் பொழுதெல்லாம் ஆலையில்தான் இருந்தார் என்று ஸ்டேஷனில் அழுதாள். மறுநாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். முதலாளி பதிவேட்டை விரித்துக் காட்டினார். பிச்சைமுத்து என்ற பெயரே அதில் இல்லை.

"நம்ம ஆளு இல்லிங்க" என்றார் முதலாளி.

சப்-இன்ஸ்பெக்டர் ஜலீலை ஒரு பார்வை பார்த்தார். ஜலீல் மேசை மேலிருந்த மைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். களத்திலிருந்தவர்கள் குனிந்து நெல் துழாவிக்கொண்டிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பதிவேட்டை வாங்கிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினார்.

"பாய், அந்த நோட்ட அடுப்புல போட்டுடுங்க. இல்லாங்காட்டி ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்" என்றார் முதலாளி.

சரி என்று தலையாட்டி ஜலீல் உமி அடுப்பு வரை போனார். போடுவதற்கு முன் திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டினார். ஒன்பதாவது வரியில் பிச்சைமுத்துவின் கட்டைவிரல் ரேகை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாலை ரேகையில் மையோடு உமிச்சாம்பலும் அப்பியிருந்தது. அவர் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

வீட்டில் மனைவி ஷர்புன்னிசா கேட்டது ஒன்றுதான். "எழுத்து உங்க எழுத்து. அப்ப உள்ள போறது யாரு?" மூத்த மகளின் நிக்காவுக்கு நாள் குறித்தாகியிருந்தது.

புதன்கிழமை காலை அவர் கள்ளக்குறிச்சிக்குச் சைக்கிளை மிதித்தார். வழியில் மரத்தடுப்பில் நின்றவர்களில் ஒருவர் மில்லு பாய் என்று அடையாளம் கண்டு, சைக்கிளைத் தூக்கி அப்பால் வைத்தார். அதைத் தாண்டி ஒரு மைலில் போலீஸ் மறித்தது. ஒரு கான்ஸ்டபிள் அவர் வயிற்றைத் தடவி நோட்டை உருவினார்.

"இன்னாயா இது?"

"கூலி நோட்டுங்க."

கான்ஸ்டபிள் நிதானமாக ஏடு ஏடாகப் புரட்டினார். கிழித்துப் போட்டுவிட்டால் பிச்சைமுத்துவுக்கு வேறு சாட்சி கிடையாது. பெயரும் ரேகையும் தவிர ஒன்றுமில்லை என்று கண்டதும் கான்ஸ்டபிள் அதை நெஞ்சில் எறிந்துவிட்டுப் போகச் சொன்னார்.

கோர்ட்டில், பிடிபட்டவர்களுக்காக நின்ற வக்கீலிடம் நோட்டைக் கொடுத்தார். மாஜிஸ்டிரேட் ஆலைப் பதிவேட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. எது நிஜம் என்று கேட்டார்.

"நோட்டுதாங்க நெசம். ரெண்டையும் எழுதனவன் நான்தான். யோசனையும் என்னுது. முதலாளி ஒத்துக்கினாரு."

வெள்ளிக்கிழமை பிச்சைமுத்துவுக்கு ஜாமீன் கிடைத்தது. ஜலீலுக்கு வேலை அதற்கு முன்பே போய்விட்டது. அடுத்த மாதம் பி.எஃப். இன்ஸ்பெக்டர் வந்து ஆலையில் மூன்று நாள் உட்கார்ந்தார். முப்பத்து நான்கு பேரும் பதிவேட்டில் ஏறினார்கள். பழைய பாக்கியை முதலாளி அபராதத்தோடு கட்டினார். பொய்ப் பதிவேடு எழுதியதற்காக ஜலீல் மேல் போட்ட வழக்கு மூன்று வருடம் இழுத்து, அபராதத்தோடு முடிந்தது. மகளின் நிக்கா ஒரு வருடம் தள்ளிப்போனது. திருக்கோவிலூரில் ஒரு உரக்கடையில் அவர் கணக்கெழுதப் போனார்.

ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் பிச்சைமுத்து ஜலீல் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஆறு வருசமா எம் பேரு ஏன் பாய் பெரிய புக்குல இல்ல?"

ஜலீல் எதையும் மறைக்காமல் சொன்னார். பிச்சைமுத்து நின்றபடியே கேட்டார்.

"அடுப்பாண்ட நான் வெந்து செத்திருந்தா? அப்பவும் எங்க ஆளு இல்லன்னுதான் சொல்லியிருப்பீங்களா?"



"சொல்லியிருப்பேன்" என்றார் ஜலீல்.

ஷர்புன்னிசா டீ கொண்டுவந்தாள். பிச்சைமுத்து அதை வாங்கிக் குடித்தார். டம்ளரை ஜன்னல் மேல் வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார்.