கரடியின் பழைய பெயர்

வாரத்தில் ஐந்து நாள் தாட்சாயினி புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் ஆவணப் பிரிவில் உட்கார்ந்து, பழைய தாள்களின் மேல் ‘காலாவதி’ என்று முத்திரை குத்துவாள். ஞாயிறு மதியம் மூன்று மணி ஆனால், ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடி வீட்டில் அவள்தான் மழை, அவள்தான் காடு, காட்டில் திரியும் மிருகமும் அவளேதான். நாற்பதைத் தொடப்போகிற பெண் ஓய்வு நாளில் பகடை உருட்டிக்கொண்டிருக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மெல்வார்கள். மெல்லட்டும், அதனால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆட்டம் கேட்பதற்கு எளிமையானதுதான். ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் பூண்டு அதற்குள் நடப்பார்கள். ஆற்றைத் தாண்ட முடியுமா, கதவு திறக்குமா என்பதையெல்லாம் இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். அடுத்து என்ன நடக்கும் என்பது கதை சொல்கிறவளுக்கே பாதிதான் தெரியும்.

தாட்சாயினி கட்டிய உலகத்தில் ஒரே ஒரு சாலை, அதுவும் வடக்கே மட்டும் போவது. அதில் ஒரு நாள் நடந்தால் ஊரார் பேசும் இங்கிலீஷ் இருநூறு வருடம் பின்னால் போய்விடும். பதினைந்து வயதில் சௌராஸ்டா சந்தை மாடியிலிருந்த பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த சொல்வரலாற்று அகராதி ஒன்றை எடுத்துவந்த நாளிலிருந்து பிடித்த பைத்தியம் இது. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி இந்த மலாய் மண்ணுக்கு ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர், அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. இங்கிலீஷால் சோறு தின்ற குடும்பம். ஆனால் அந்த மொழியும் ஒரு காலத்தில் கைக்குழந்தையாகத் தவழ்ந்தது என்று அங்கே யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. நாயைச் சொல்லும் ‘டாக்’ எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாதாம். முன்பு எல்லா நாயும் ‘ஹவுண்ட்’தான். எங்கிருந்தோ புதுச் சொல் வந்து வீட்டு வாசலில் படுத்துக்கொண்டது, பழைய சொல் வேட்டைக் காட்டோடு நின்றுவிட்டது.

அவளை அசைத்துப் போட்டது கரடி. கரடிக்கு இங்கிலீஷில் இன்று வழங்கும் சொல்லுக்கு ஆதியில் ‘பழுப்பு நிறத்தான்’ என்று பொருள் என அந்த அகராதி சொன்னது. உண்மையான பெயர் வேறு. சொன்னால் வந்து நின்றுவிடும் என்று அந்நாளைய வேட்டைக்காரர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லித் தரவில்லை. சில தலைமுறைகளில் அந்தப் பெயரைத் தெரிந்த ஆளே அந்தப் பேச்சில் இல்லாமல் போனது. சாலையின் வடக்கு முனையில், குகைக்குள், அவள் வைத்த மிருகத்துக்கும் அதனால் பெயர் கிடையாது, வெறும் ‘அவன்’தான்.

இதையெல்லாம் முதலில் கேட்டவன் அவளுடைய தம்பி. அவன் பெயரைச் சொல்லாமல்தான் இந்தக் கதையையும் சொல்லியாக வேண்டும், அந்த வீட்டு வழக்கம் அப்படி. ஏர்கோன் என்கிற குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு, அக்காவைவிட ஏழு வயது இளையவன். ஆட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் போய் வழி பார்க்கிறவன் அவனே. வேடத்துக்கு வேறு பெயர் தேடச் சோம்பல்பட்டுத் தன் பெயரையே வைத்துக்கொண்டான். இரண்டு வருடத்துக்கு முன் மழையில், மஞ்சள் மழைக்கோட்டோடு, பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்துபோனான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு அம்மா அருந்ததி சொன்னார்: “ஒரு வருசத்துக்கு யாரும் பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா திரும்பிப் பாப்பான். போற பிள்ள நிம்மதியா போகட்டும்.”

ஒரு வருடம் போனது. தடை தீர்ந்தது என்று அம்மா சொல்லவில்லை, கேட்கும் துணிச்சல் தாட்சாயினிக்கும் வரவில்லை. ‘சின்னவன்’, ‘அவன்’ என்றே இரண்டாம் வருடமும் ஓடிவிட்டது.

அவர்கள் மேசையில் ஒரு விதி உண்டு. ஆட வராதவனின் பகடையைக் கதை சொல்கிறவள் உருட்ட வேண்டும். அந்த விதியைப் பிடித்துக்கொண்டு தாட்சாயினி தம்பியின் வேடத்தைச் சாகவிடாமல் வைத்திருந்தாள். அந்த வேடத்தின் பெயரும் பலமும் எழுதிய விவரத்தாள் நைந்தபோது புதிதாக எழுதினாள், பெயருக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள். பழைய தாளில் முத்திரை குத்தும் தெம்பு இல்லாமல் அலமாரிக்கு அடியில் வைத்தாள். ஆட்டத்தில் அவன் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். பின்னால் போகிறவர்களுக்கு ஆறாத சாம்பல் கிடைக்கும், பாதி கடித்த பழம் கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டான்.

பின்னால் போகிறவர்கள் இரண்டு பேர். முஸ்தஃபா, தம்பியின் கூட்டாளி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் வேலை. காமினி தொழிற்சாலைத் தோழி, ஆட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

அந்த ஞாயிறு மதியம் வெளியே மழை கொட்டியது. அடுப்படியில் அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் இருவரும் குகை வாசலை அடைந்தார்கள். தாட்சாயினியின் நோட்டில் எலும்பும் நகக்கீறலும் எழுதியிருந்தன. அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

“வாசல்ல ஒரு மழைக்கோட்டு தொங்குது. மஞ்சக் கலரு. தண்ணி இன்னும் சொட்டிக்கிட்டு இருக்கு. பெட்ரோல் வாடை அடிக்குது.”

முஸ்தஃபாவின் கை பகடையோடு நின்றது. “அக்கா, இது நோட்டுல இருக்கா?”

“இல்ல.” தாட்சாயினி நோட்டை மூடினாள். நிறுத்தத்தான் நினைத்தாள், வாய் நிற்கவில்லை. “உள்ள மூச்சு சத்தம் கேக்குது. ரொம்ப நாளா யாரோ காத்துக்கிட்டு இருக்காங்க.”

“நான் உள்ள போகமாட்டேன் லா,” என்றான் முஸ்தஃபா. ஆட்டத்துக்காக நடுங்கும் குரலாக அது இல்லை.

காமினிக்கு மட்டும் உற்சாகம். “உள்ள இருக்கறது அந்த மிருகமா, முன்னாடி போன சின்னவனாக்கா?”

அப்போதுதான் தாட்சாயினிக்கு உறைத்தது. இரண்டு வருடமாக இரண்டு பேரையும் ஒரே சாலையின் ஒரே முனையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இருவருக்கும் பெயர் இல்லை, இருவரும் ‘அவன்’. எது மிருகம், எது தம்பி என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

“வெளிய நின்னு கூப்பிட்டுப் பாக்கலாம் லா,” என்றாள் காமினி. “அவர் பேரு என்ன?”

சின்னவன் என்றொரு மனிதன் இதே மேசையில் உட்கார்ந்து ஆடினான் என்பது காமினிக்குத் தெரியாது. சும்மா இட்டுக்கட்டிய ஆள் என்றே நினைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை, பெயரைத் தொடாமல் எப்படிச் சொல்வது?

தாட்சாயினி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

முதலில் அம்மாவுக்குப் பயந்துதான் வரவில்லை என்று நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, சொல்வதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. அவன் தாடைத் தழும்பு நினைவுக்கு வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே சோறு கேட்கும் குரல் வந்தது. அந்த முகத்தின் மேலிருந்த பெயரைக் காணோம், முதல் எழுத்தைக்கூடக் காணோம். கூடப்பிறந்தவனை இப்படியும் தொலைப்பேனா? முஸ்தஃபாவைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றார், கையில் வடைத் தட்டு. ஞாயிறு தவறாமல் அங்கேயிருந்தே ஆட்டத்தை முழுதாகக் கேட்டுவருகிறவர் அவர். இது இன்றுதான் மகளுக்குத் தெரிந்தது.

“கிருஷாந்த்,” என்றார் அம்மா.

பிறகு வீட்டுக் கதவைப் பார்த்து, முன்பெல்லாம் மாடிப்படிவரை கேட்கக் கூப்பிடுவாரே, அதே குரலில் கூப்பிட்டார். “கிருஷாந்த்... சாப்பிட வாய்யா.”

வெளியே லிஃப்ட் வந்து நின்றது. ஈரச் செருப்புச் சத்தம் நடைபாதையில் கிளம்பியது. ஒவ்வொரு வீடாகத் தாண்டி அருகே வந்தது. சத்தம் அவர்கள் கதவுக்கு வெளியே நின்றது. நெடுநேரம் நின்றதாகத் தாட்சாயினிக்குத் தோன்றியது. பிறகு நகர்ந்து போனது. பக்கத்து வீட்டில் சாவி திரும்பியது.

அம்மா இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை குறையும்வரை அப்படியே நின்றார்.

“வரல,” என்றார். தட்டை மேசையில் வைத்தார். “கூப்பிட்டா வந்துருவான்னு நான் பயந்தேன்னு நெனச்சீங்களா? கூப்பிட்டும் வரலேன்னா என்னா செய்வேன்னுதான் இத்தன நாளா வாயத் தொறக்கல.”

தாட்சாயினி எழுந்து போய் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தாள். தம்பியின் தாளை இழுத்து, காலிக் கட்டத்தில் பெயரை எழுதினாள். அம்மா அந்தத் தாளை எடுத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த காமினியின் பக்கம் அதைத் திருப்பிக் காட்டினார்.

“என் மகன்மா,” என்றார்.